தூண்டிலோடு ஒரு நடை: தீர்த்தன் ஆற்று ட்ரவுட் பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் இமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாக நடந்துகொண்டே ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை தூண்டில் போடுவதைப் பற்றி எழுதியிருந்தேன். மீன்பிடிக்கிறவர்கள், மலையேறுகிறவர்கள், இரண்டிலும் ஆர்வமில்லை ஆனால் வீட்டுக்காரர் டிக்கெட் போட்டுவிட்டார் என்கிறவர்கள் எனப் பலரும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சின்ன வயதிலிருந்து வாய்க்காலிலும் குளத்திலும் மண்புழு கோத்துக் கெண்டை, கெளுத்தி பிடித்தவன் நான். இந்த ஃப்ளை ஃபிஷிங்கில் நரம்பை (தூண்டில் நூலை) முன்னும் பின்னும் சுழற்றி வீசுகிறார்களே, எதற்கு? சும்மா ஸ்டைலா? (வாசகர், பொள்ளாச்சி)

ஸ்டைலும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உண்மையான காரணம் எடை. நீங்கள் குளத்தில் வீசும்போது ஈயக்குண்டு முன்னால் பறக்கிறது, நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை என்பதோ ஒரு பொடி முள்ளில் சேவலின் கழுத்து இறகையும் கொஞ்சம் முயல் ரோமத்தையும் நூலால் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாது, அதைத் தனியாக எறிந்தால் காற்று நம் சட்டையிலேயே கொண்டுவந்து மாட்டிவிடும். அதனால் இங்கே எடையை நரம்புக்குக் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட தடித்த நரம்பு, அதன் நுனியில் போகப்போக மெலிந்துகொண்டே வரும் ஒன்பதடி தங்கூஸ் (லீடர் என்பார்கள்), அதன் முனையில் ஃப்ளை. நாம் வீசுவது அந்தத் தடித்த நரம்பை. ஃப்ளை அதோடு கூடப் போகிறது, அவ்வளவுதான்.

சரி, இத்தனை பாடு எதற்கு, மண்புழு போட்டால் ட்ரவுட் கடிக்காதா என்றால், கடிக்கும். ஆனால் விழுங்கிவிடும். முள் தொண்டைக்குள் போய்விட்டால் அந்த மீனை உயிரோடு திரும்ப விடுவது நடக்காத காரியம். அதைவிட முக்கியமாக, ட்ரவுட்டின் அன்றாடச் சாப்பாடே பூச்சிதான். தீர்த்தனில் முழங்கால் ஆழத்தில் கிடக்கும் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் மூன்று வால்மயிரோடு தட்டையாக ஒரு பூச்சி வெளிச்சம் பட்டதும் நழுவி மறுபக்கம் ஓடும். அது மேஃப்ளையின் இளம் பருவம். அதன் பக்கத்திலேயே மணலையும் பொடிக்கற்களையும் ஒட்டவைத்துக் கட்டிய குட்டிக் குழாய் ஒன்று இருக்கும், அதற்குள் கேடிஸ் புழு. இதெல்லாம் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியிலேயே வளர்ந்து, ஒரு நாள் மேலே வந்து, தோலை உரித்து, பறக்கத் தயாராகும்வரை சில நொடிகள் நீரின் மேல் மிதந்து போகும். ட்ரவுட் காத்திருப்பது அந்தச் சில நொடிகளுக்குத்தான். நாம் அந்தப் பூச்சி மாதிரியே ஒன்றைக் கட்டி, அதே மாதிரி மிதக்கவிட்டு ஏமாற்றுகிறோம்.

கணவர் தூண்டிலோடு உட்கார்ந்தால் அன்றைய பொழுது போச்சு. எனக்கு நடக்கப் பிடிக்கும், அவருக்கு மீன். ஒரே பயணத்தில் இரண்டும் நடக்குமா, இல்லை ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியதுதானா? (வாசகி, மதுரை)

ஒன்றாகவே போகலாம் அம்மா. உட்கார்ந்து பிடிப்பதெல்லாம் குளத்தில்தான், ஆற்று ட்ரவுட்டுக்கு உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது. இந்த மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகத்தை வைத்துத்தான் நிற்கும், சாப்பாடு மேலிருந்து மிதந்து வருகிறதே, அதனால். முன்னால் போனால் பார்த்துவிடும். ஆகவே பின்பக்கமாக, அதாவது கீழிருந்து மேல்நோக்கித்தான் போக வேண்டும். ஒரு மடுவில் நல்லபடியாக நான்கைந்து வீச்சு வீசியும் எதுவும் எழவில்லை என்றால் அங்கே நின்று பயனில்லை, அடுத்த மடுவுக்கு நகர வேண்டும். இப்படியே நகர்ந்துகொண்டே இருப்பதால் தூண்டில்காரரும் பள்ளத்தாக்கில் ஏறிக்கொண்டேதான் இருப்பார். உங்கள் நடைப்பாதையும் அதே திசையில் அதே ஆற்றை ஒட்டித்தான் போகிறது.

குஷைனி ஊரிலிருந்து ரோலா வரை போகும் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஒன்பது கிலோமீட்டர் இருக்கும், பெரும்பாலும் ஆற்றின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். முதலில் வயல்களும் கல்லும் மரமும் அடுக்கிக் கட்டிய வீடுகளும், பிறகு காடு. ரோலாவை ஒட்டித் தொடங்குகிறது கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. 1984ல் உருவாகி, 1999ல் முறைப்படி அறிவிக்கப்பட்டு, 2014ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பூங்கா இது. உள்ளே போக அனுமதிச் சீட்டு வேண்டும், சாய்ரோப்பாவில் பூங்காவின் மையம் இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். தூண்டிலுக்குப் பூங்காவுக்குள் இடமில்லை, அதெல்லாம் எல்லைக்கு வெளியே கீழ்ப்பகுதியோடு சரி. உங்கள் கணவரிடம் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள்.

நான் சொல்லும் திட்டம் இதுதான். மார்ச், ஏப்ரலில் பனி உருகி வரும் தண்ணீர் காலையில் அத்தனை குளிர்ச்சியாக இருக்கும், வெயில் ஏறி பத்து பதினொரு மணி ஆகாமல் பூச்சியும் எழாது, மீனும் அசையாது. எனவே காலை முழுக்க நடை, ராடு (தூண்டில் கழி) பைக்குள்ளேயே இருக்கட்டும். திரும்பும் வழியில் இருவருக்கும் பிடித்த ஓரிடத்தில் ஆற்றுக்கு இறங்குங்கள். அங்கிருந்து நூறு இருநூறு மீட்டர் மேல்நோக்கி அவர் போய் வரட்டும். அந்த நேரத்தில் நீங்கள் ஒரு பாறையில் அமர்ந்து ஆற்றைப் பார்த்தாலே போதும். பழுப்பு நிறத்தில் குண்டாக ஒரு பறவை பாறையில் நின்று முழங்காலை மடக்கி மடக்கித் தோப்புக்கரணம் போடும், திடீரென்று தண்ணீருக்குள் இறங்கிக் காணாமல் போய் இன்னொரு பக்கம் வெளியே வரும். டிப்பர் என்று பெயர். கற்களுக்கடியில் இருக்கும் அதே பூச்சிகளைத்தான் அதுவும் தேடுகிறது. டிப்பர் இருக்கும் இடத்தில் பூச்சி இருக்கிறது என்று அர்த்தம், பூச்சி இருந்தால் ட்ரவுட்டும் பக்கத்தில் இருக்க வாய்ப்புண்டு. கணவருக்கு இடம் காட்டிக் கொடுத்த பெருமையும் உங்களுக்கே சேரும்.

அவர் ஒரு முழு நாளும் ஆற்றைவிட்டு வரமாட்டேன் என்றால் அன்றைக்கு நீங்கள் ஜலோரி கணவாய்க்குப் போய்விடுங்கள். சுமார் 3,120 மீட்டர் உயரம். அங்கிருந்து செரோல்சர் ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர் காட்டுப்பாதை, அதிக ஏற்றமில்லை. மார்ச்சில் அங்கே இன்னும் பனி கிடக்கும், மே மாதம் என்றால் கவலையில்லை.

ஆறு முழுக்க வெள்ளை நுரையாகப் பாய்கிறது. எங்கே மீன் இருக்கும், எங்கே வீசுவது என்று எப்படித் தெரியும்? (வாசகர், தென்காசி)

மீனின் கணக்கு ரொம்ப எளிது. வேகமான தண்ணீரில் சாப்பாடு நிறைய வரும், ஆனால் அங்கே நின்றால் நீந்தியே களைத்துப் போகும். மெதுவான தண்ணீரில் சுகமாக நிற்கலாம், சாப்பாடு வராது. எனவே மெதுவான தண்ணீரில் நின்றுகொண்டு வேகமான தண்ணீரிலிருந்து எடுத்துத் தின்ன வசதியான இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். பெரிய பாறைக்குப் பின்னால் ஒரு அமைதியான முக்கோணம் தெரியும் பாருங்கள், அதன் இரு ஓரங்களிலும் வேகமும் மெதுவும் உரசும் கோடு ஒன்று, நுரைக்குமிழிகள் வரிசையாகப் போகும் கோடு, அதுதான் இடம். குமிழி போகிற வழியில்தான் பூச்சியும் போகும். பாறைக்கு முன்பக்கத்திலும் தண்ணீர் முட்டித் திரும்பும் ஒரு சின்ன மெத்தை உண்டு, அங்கேயும் மீன் நிற்கும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மடு முடிந்து தண்ணீர் மறுபடி வேகமெடுக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மாலை நேரத்தில்.

இடத்தைவிடப் பெரிய சங்கதி ஃப்ளை மிதக்கும் விதம். நம் கைக்கும் ஃப்ளைக்கும் நடுவே வேகமான ஓட்டம் ஒன்று இருந்தால் அது நரம்பை முன்னால் இழுத்துக்கொண்டு போகும், நரம்பு ஃப்ளையை இழுக்கும், ஃப்ளைக்குப் பின்னால் மெல்லிய ஒரு கீற்று விழும். அந்தக் கீற்றைப் பார்த்தால் ட்ரவுட் கிட்டவே வராது, மிதந்து போகும் பூச்சி இப்படி இழுபட்டுப் போகாது என்பது அதற்குத் தெரியும். அதனால் நரம்பை முடிந்தவரை தண்ணீரில் படாமல் ராடு நுனியை உயர்த்திப் பிடியுங்கள், கிட்டப் போய்க் குட்டையாக வீசுங்கள். தீர்த்தன் மாதிரி பாறை ஆற்றில் இருபது இருபத்தைந்து அடிக்கு மேல் வீச வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது. வீடியோக்களில் அறுபது அடி வீசுவதைப் பார்த்து மிரள வேண்டாம். கண்கூசாத போலரைஸ்டு கண்ணாடி ஒன்று மட்டும் வாங்கிவிடுங்கள், நீர்மேல் தெரியும் பளபளப்பை அது அறுத்துவிடும், ஆற்றின் அடிக்கல்லும் சில சமயம் மீனும் கண்ணுக்குத் தெரியும். கால் வைக்கும் இடமும் தெரியும், அது இன்னும் முக்கியம்.

கல்லூரி மாணவன். கையில் காசு குறைவு. ட்ரெக்கிங் பையில் சுமக்கிற மாதிரி என்ன வாங்கலாம்? (வாசகர், சென்னை)

தம்பி, கடையில் போய் நின்றால் ஒன்பதடி ராடு, ரீல், தடித்த நரம்பு, கட்டை கட்டையாக ஃப்ளை பெட்டி, இடுப்பளவு ரப்பர் கால்சட்டை என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்டுவார்கள். முறையாகக் கற்றுக்கொள்ள விரும்பினால் ஒன்பதடி ஐந்தாம் எண் ராடு (எண் என்பது அதற்கு ஏற்ற நரம்பின் எடைக் கணக்கு) நல்லதுதான், நான்கு துண்டாகக் கழற்றிப் பையில் வைக்கிற வகையும் கிடைக்கிறது. ஆனால் நடையோடு சேர்த்துச் சும்மா ஒரு மணி நேரம் போடுகிறவருக்கு என் ஓட்டு டென்காரா வகைக்கு. ஜப்பானிய மலை ஓடைகளில் பயன்படுத்தும் முறை. ரீல் கிடையாது. ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும் கழி, விரித்தால் பன்னிரண்டு அடி, மடக்கினால் முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் கூட. நுனியில் நேராக நரம்பைக் கட்டி, அதன் முனையில் ஃப்ளை. நம்மூர் மூங்கில் கழித் தூண்டிலில் தக்கையையும் புழுவையும் எடுத்துவிட்டால் ஏறக்குறைய அதுதான். நீளக்கழி என்பதால் நரம்பைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடிப்பதும் சுலபம், மேலே சொன்ன இழுபடும் தொல்லை பாதி குறைந்துவிடும்.

குறை என்ன? பெரிய மீன் மாட்டினால் விட்டுக்கொடுக்க நரம்பு இல்லை, நாம்தான் அதன் பின்னால் கரையோரம் ஓட வேண்டும். மற்றபடி ஃப்ளையில் ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ், நீருக்கடியில் போட ஃபெசன்ட் டெயில், இந்த மூன்றிலும் சிலது போதும். ஊரிலேயே மொட்டை மாடியில் முள்ளுக்குப் பதில் ஒரு துண்டு கம்பளி நூலைக் கட்டிப் பழகிவிட்டுப் போ. ரப்பர் கால்சட்டை வேண்டாம், பழைய ஷூவோடு கரையிலிருந்தே போடலாம்.

எப்போது போவது, லைசென்ஸ் வேண்டுமா, எப்படிப் போவது? (திருச்சி, ஈரோடு, புதுச்சேரி என்று பலர்)

நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய இமாசலத்தில் ட்ரவுட் பிடிக்கத் தடை. மீன் சரளைக் கல்லில் குழி பறித்து முட்டையிடும் காலம் அது. மார்ச்சிலிருந்து மே வரை ஒரு பருவம், மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்தபின் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் இன்னொன்று. நடுவில் ஜூலை, ஆகஸ்டில் மீனுக்காகவும் போகாதீர்கள், நடைக்காகவும் போகாதீர்கள். தீர்த்தன் இருக்கும் குல்லு மாவட்டத்தை 2023 ஜூலை வெள்ளம் என்ன பாடு படுத்தியது என்று டிவியில் பார்த்திருப்பீர்கள்.

லைசென்ஸ் கட்டாயம். மாநில மீன்வளத்துறை கொடுக்கிறது, கட்டணம் பெரிதில்லை, தங்கும் விடுதிக்காரர்களே பெரும்பாலும் வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். எத்தனை மீன், எந்த அளவுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்ற விதிகளை அந்தச் சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டெல்லியிலிருந்து மணாலி போகும் ராத்திரி பஸ்ஸில் ஏறி, ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்கிவிட வேண்டும். தூங்கிப்போனால் சுரங்கத்தைத் தாண்டி மணாலிக்கே போய்விடும், கண்டக்டரிடம் சொல்லிவையுங்கள். அங்கிருந்து பஞ்சார், அப்புறம் குஷைனி.

ட்ரவுட் நம் ஊட்டியிலேயே இருக்கிறதே. அதைவிட்டு ஏன் அவ்வளவு தூரம்? (வாசகர், குன்னூர்)

நல்ல கேள்வி, உரிமையோடு கேட்டிருக்கிறீர்கள். 1860களிலேயே பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவர முயன்றார், தங்கவில்லை. 1907 வாக்கில் ஹெச்.சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ரெயின்போ ட்ரவுட் அங்கே நிலைத்தது. காஷ்மீருக்கு 1900ல் ஸ்காட்லாந்திலிருந்து முட்டை வந்தது. குல்லுவில் 1909ல் ஹோவெல் என்ற அதிகாரி தொடங்கினார். ஆக எல்லாம் கிட்டத்தட்ட ஒரே காலத்து வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குதான், இலங்கையின் நுவரெலியாவிலும் இதே கதை.

ஆனால் நீலகிரியில் ட்ரவுட் வாழ்ந்த நல்ல ஓடைகளில் பல இன்றைக்கு முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கும் காப்புக்காடுகளுக்கும் உள்ளே இருக்கின்றன. பையைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் இறங்கி நடப்பதே முடியாது, தூண்டிலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நீலகிரி வரையாடு நிம்மதியாக மேயட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. தீர்த்தனில் ஆறும் பாதையும் ஊரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அனுமதியோடு சுதந்திரமாகப் போகலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், அந்த ஆற்றில் நீர்மின் திட்டங்கள் வராமல் உள்ளூர் மக்கள் போராடித் தடுத்தார்கள், பஞ்சாரின் முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாப் அதில் முன்னால் நின்றவர், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் மின்திட்டங்களுக்காகச் சுரங்கத்துக்குள் நுழைந்துவிட்ட ஆறுகளைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் அந்த வழக்கின் அருமை புரியும்.

மீனைப் பிடித்து, வாயில் ஓட்டை போட்டு, போட்டோ எடுத்து, திரும்ப விடுவது. தின்பதற்குப் பிடித்தாலாவது நியாயம் உண்டு. இது வெறும் வதையில்லையா? (வாசகி, கும்பகோணம்)

வதைதான், அதைப் பூசி மெழுக மாட்டேன். குறைக்கலாம், இல்லாமலாக்க முடியாது. முள்ளின் எதிர்ப்பல்லைக் குறடால் நசுக்கிவிட்டால் ஒரு திருப்பில் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொள்ளாமல் மீனைத் தொடக்கூடாது, உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும், அது போனால் கிருமி பிடித்துவிடும். தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி, ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, அதுவாக உதறிப் போகும்வரை லேசாகப் பிடித்திருக்க வேண்டும். வெயிலில் தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டிவிட்டால் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும், அந்தச் சூட்டில் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, போராடிய மீன் விட்ட பிறகும் செத்துப்போகும்.

ஆனால் இதில் நீங்கள் கேட்காத ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே பிடிபடும் பிரவுன் ட்ரவுட், ரெயின்போ ட்ரவுட் இரண்டுமே உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்ற பட்டியலில் இருப்பவை. இமயத்து ஆறுகளின் சொந்த மீனான ஸ்னோ ட்ரவுட்டின் இடத்தையும் இரையையும் இவை பங்கு போடுகின்றன. பெயர்தான் ட்ரவுட், அது நம் கெண்டை வம்சம். அப்படிப் பார்த்தால் பிடித்த பிரவுன் ட்ரவுட்டை விடுவதைவிட, விதி அனுமதிக்கும் அளவில் ஒன்றை எடுத்துச் சமைப்பதுதான் ஆற்றுக்குச் செய்யும் உபகாரம். ஊர்க்காரர்களின் பிழைப்பு இப்போது இந்த மீனை நம்பியும் இருக்கிறது என்பதால் ஒழித்துவிடு என்றும் சொல்ல முடியாது. என் வழி: சாப்பிட ஒன்று கிடைத்துவிட்டால் அதோடு ராடை மடக்கிவிட்டு மிச்ச நாளை நடையில் கழிப்பது. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால் தூண்டிலே இல்லாமல் போங்கள், பாதை அதேதான்.

இரண்டு பிள்ளைகளோடு போகிறோம். ஆபத்தா? (வாசகர், சேலம்)

ஆற்றை மதித்தால் ஆபத்தில்லை. பனித்தண்ணீரில் நின்றால் சில நிமிடங்களில் கால் மரத்துப்போகும், கல்லெல்லாம் பாசி. பிள்ளைகள் கணுக்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். ரப்பர் செருப்பு கூடவே கூடாது. மேலே மலையில் மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறும், தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ பையை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள், நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

தீர்த்தனைவிட நான் பயப்படுவது கீழே அது போய்ச் சேரும் பியாஸ் ஆற்றைப் பார்த்துத்தான். லார்ஜி அணைக்குக் கீழே 2014 ஜூன் 8 அன்று போட்டோ எடுக்க ஆற்றுக்குள் இறங்கி நின்ற ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரில் போய்விட்டார்கள். வழியில் வண்டியை நிறுத்தி அங்கே இறங்க வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

விடுதியில் ட்ரவுட் சமைத்துத் தருவார்களா? காரம் இருக்குமா? (வாசகர், விருதுநகர்)

தருவார்கள். பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த ரெயின்போவாக இருக்கும். கடுகெண்ணெயில் பொரித்தோ கொஞ்சம் எலுமிச்சை பிழிந்தோ வரும். விருதுநகர் நாக்குக்கு அது காரமே இல்லை, ஒரு பொட்டலம் மிளகுத்தூள் கையோடு கொண்டுபோய்விடுங்கள். முள் குறைவு, பிள்ளைகளுக்குப் பயமில்லாமல் கொடுக்கலாம்.